கோலத்துக்கு இலக்கணம் பிறந்த கதை

காஞ்சிபுரத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கோலம் கேட்டால், அவர் படம் வரைந்து காட்டுவதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுவார்: "பதினஞ்சு புள்ளி, ஊடு புள்ளி, எட்டுல நிறுத்து." நடுவில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிகளுக்கு ஊடே ஒன்றாக, 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8. கூட்டினால் 169 புள்ளிகள். இத்தனை புள்ளிகளின் இடமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. கோலம் இத்தனை காலம் கைமாறி வந்தது இப்படித்தான். பெண்கள் நினைவில் வைத்திருந்தவை விதிகள். விதி தெரிந்தால் சின்ன வாசலுக்குச் சின்னதாகவும், கோயில் பிரகாரத்துக்குப் பெரியதாகவும் அதே கோலத்தைப் போடலாம்.

அந்த விதிகளைக் கணிதத்தின் மொழியில் எழுதலாம் என்று காட்டிய ஆராய்ச்சி, காஞ்சிபுரமும் தாம்பரமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலத்தில் நடந்தது. தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் ராணி சிரோமணி. அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். கல்வெட்டு, பழைய எழுத்து, நாட்டார் கலை என்று பலவற்றையும் ஆராய்ந்தவர். ராணியிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தவர் கமலா கிருத்திவாசன்.

அப்போது உலகில் ஒரு புதுத் துறை வளர்ந்துகொண்டிருந்தது. 1950களில் நோம் சாம்ஸ்கி, வாக்கியங்கள் உருவாகும் முறையைக் கணித விதிகளாக எழுதிக் காட்டினார். ஒரு குறியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறு குறிகளை வை. அவற்றையும் அப்படியே மாற்று. இப்படிச் சில விதிகளே எண்ணற்ற வாக்கியங்களைப் பிறப்பிக்கும். கணினி மொழிகளுக்கு இதுவே அடித்தளமானது. ராணி சிரோமணி இந்தத் துறைக்குள் இறங்கி, 1969இல் சம அணி மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவில் இதைத் தொட்டவர்களே அரிதாக இருந்த காலம் அது.

ஆனால் சாம்ஸ்கியின் இலக்கணம் எழுத்துகளுக்கானது. எழுத்து ஒரே வரிசையில் ஓடும். படம் அகலத்திலும் நீளத்திலும் பரவும். படத்துக்கு இலக்கணம் எழுதுவது எப்படி? 1970களின் தொடக்கத்தில் மூவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். காஞ்சித் தறியில் முதலில் பாவு, பிறகு ஊடை என்று சேலை உருவாவதுபோல, இந்த இலக்கணமும் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் கிடைத்திசையில் ஒரு முழு வரிசை உருவாகிறது. பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரு நிரல் கீழ்நோக்கி இறங்குகிறது. எல்லா நிரல்களும் ஒரே வேகத்தில் வளர்வதால் கட்டம் பிசகாத செவ்வகம் கிடைக்கிறது. இன்றும் ஆய்வாளர்கள் இதை சிரோமணி அணி இலக்கணம் என்றே அழைக்கிறார்கள்.

கருவி தயாரானதும், அதைப் பரிசோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது கோலம். 1974இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் மூவரின் பெயரிலும் கோலத்தைப் பற்றிய கட்டுரை வந்தது. எந்தக் கோலத்துக்கு எளிய விதியே போதும், எதற்கு வலுவான விதி வேண்டும் என்று அவர்கள் வகை பிரித்தார்கள். வாசலில் போடும் கோலம் இப்படித்தான் கணிப்பொறிக் கோட்பாட்டுக்குள் நுழைந்தது.

அடுத்த சிக்கல், பெயரிலேயே சிக்கு உள்ள கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் சிக்குக் கோலத்தை, அதாவது கம்பிக் கோலத்தை, கட்டங்களாகப் பிரிப்பது கடினம். இதற்குக் கிஃப்டும் ராணியும் பின்னாளில் கை போகும் பாதையையே பின்தொடர்ந்தார்கள். நேராகப் போவது ஒன்று. அரைத் திருப்பம், முழுத் திருப்பம், சுழி ஆகிய மூன்றும் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக ஆறு. ஆக ஏழே ஏழு அசைவுகளைக் கொண்டு கோலத்தை எழுத்தாகவே எழுத முடிந்தது.

ஆய்வு கோலத்தோடு நின்றுவிடவில்லை. 1983இல் ராணி சிரோமணியும் அவருடைய மாணவர் கே.ஜி. சுப்பிரமணியனும், செடிகளின் வளர்ச்சியை விளக்க லிண்டன்மேயர் உருவாக்கிய விதிமுறையைக் கொண்டு, இடத்தை நிரப்பும் வளைகோடுகளை உருவாக்கும் வழியைக் காட்டினார்கள். கணினித் திரையில் செடி வளர்த்துக் காட்டிய புருசின்கீவிச்சின் புகழ்பெற்ற நூல் அந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறது. 2002இல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் கோலக் கணிதத்தைப் பொது வாசகர்களுக்கு எழுதிச் சொன்னார். கமலா கிருத்திவாசன் சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியராகித் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கினார். ராணி சிரோமணி பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் பணியாற்றி, 2021இல் மறைந்தார்.

கணிதத்தில் பெண்கள் செய்த சாதனை என்றால், ஆண்களின் அவைக்குள் போராடி நுழைந்தவர்களின் கதையையே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கதைகள் மிகப் பெரியவை. சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இங்கே ராணியும் கமலாவும் இன்னொன்றையும் செய்தார்கள். பெண்கள் காலங்காலமாகக் காத்துவந்த ஓர் அறிவை எடுத்து, அதில் எவ்வளவு ஆழமான ஒழுங்கு இருக்கிறது என்பதை நிரூபித்தார்கள். கோலம் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அதைக் கணக்காக மதித்து ஆராய்ந்தவர்கள் இவர்கள்.

நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் கூட்டுத் தொடர்வரிசை பாடமாக இருக்கிறது. 15, 14, 13 என்று இறங்கி 8இல் நிற்கும் கோலத்தைவிட அதற்கு நல்ல முதல் உதாரணம் கிடைக்காது. கரும்பலகையில் 169 வந்ததும் ஆசிரியர் ராணி, கமலா என்ற இந்த இரண்டு பெயர்களையும் சொல்ல வேண்டும். கணிதம் தனக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும் காஞ்சிபுரத்துப் பெண் பிள்ளைக்கு, அது தன் வீட்டில் முன்பே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.