கெமிஸ்தமும் ஹுவா ஷுவேயும்

சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கியது. எல்லையில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அப்போது அதைப் பீகிங் வானொலி என்போம். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள் தெள்ளத் தெளிவாகத் தமிழ் பேசுவதைக் கேட்கவே சிற்றலை வரிசையில் முள்ளைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. பிற்காலத்தில் அதே ஒலிபரப்பில் தமிழ் வழியாகச் சீன மொழிப் பாடமும் வந்தது. சங்கராபுரத்தில் இருந்தபடியே நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். சீனம் எனக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றிய சொற்கள் மட்டும் மனதில் நின்றுவிட்டன. காரணம், அவற்றில் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். பள்ளிக்கூடம் 'ஷுவே சியாவ்'. ஆசிரியர் 'லாவ் ஷி'. இதில் 'லாவ்' என்றால் மூத்தவர், வயதானவர். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியையும் 'லாவ் ஷி'தான். நாம் சின்ன வயது வாத்தியாரையும் 'ஐயா' என்றதைப் போல. வகுப்புக்குப் போவதை 'ஏறுவது' என்றும் வகுப்பு விடுவதை 'இறங்குவது' என்றும் சொல்கிறார்கள்.

பாடங்களின் பெயர்கள் இன்னும் சுவையானவை. கணக்கு 'ஷூ ஷுவே': எண் பற்றிய படிப்பு. பூகோளம் 'தீ லீ': நிலத்தின் நெறி. பௌதிகம் 'வூ லீ': பொருள்களின் நெறி. நாம் டிரில் பீரியடு என்றது அங்கே 'தீ யூ': உடல் வளர்ப்பு. இரசாயனம் 'ஹுவா ஷுவே': மாற்றம் பற்றிய படிப்பு. ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதைப் படிப்பதால் அந்தப் பெயர். எழுத்தைப் பார்த்த பிள்ளைக்கே பாடம் எதைப் பற்றியது என்று பாதி புரிந்துவிடும்.

இவை பழங்காலத்திலிருந்தே இருந்த பாடங்கள் அல்ல. நம் திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் எண்சுவடியும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்ததைப் போல, சீனப் பிள்ளைகள் மூன்று மூன்று எழுத்தாக அமைந்த ஒரு நீதி நூலைப் பாடிப் படித்தார்கள். பெரியவர்கள் கன்பூசியஸ் வழி நூல்களைக் கரைத்துக் குடித்து அரசுத் தேர்வு எழுதினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் நடந்த அந்தத் தேர்வு முறை 1905-இல்தான் நீக்கப்பட்டது. கணக்கு, பௌதிகம், இரசாயனம் என்று மணி அடித்துப் பாடம் மாறும் பள்ளிக்கூடம் அவர்களுக்கும் புதிதுதான். பெயர்களையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு புத்தகம் வருகிறது. டேவிட் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1858-இல் இரசாயனத்துக்கு ஒரு பாடநூல் வெளியிட்டார். அது கடல் கடந்து இரண்டு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்று ஷாங்காய், மற்றொன்று யாழ்ப்பாணம்.

ஷாங்காயில் ஜியாங்னான் படைக்கலத் தொழிற்சாலை என்று ஓர் அரசுத் தொழிற்சாலை இருந்தது. 1868-இல் அங்கே ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவு தொடங்கினார்கள். ஜான் ஃபிரையர் என்ற ஆங்கிலேயர் புத்தகத்தைப் பார்த்துச் சீனத்தில் வாய்மொழியாகச் சொல்வார். ஷூ ஷோ என்ற சீன அறிஞர் அதை நல்ல நடையில் எழுதுவார். அப்படி உருவாகி 1871-இல் வெளிவந்தது வெல்ஸின் நூல். 'ஹுவா ஷுவே' என்ற சொல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஷாங்காய் மிஷனரிகளிடம் புழக்கத்துக்கு வந்திருந்தது. இவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். தனிமங்களுக்கு ஓர் உபாயம் செய்தார்கள். எழுத்தின் ஒரு பக்கம் உலோகம் என்று காட்டும் குறி, மறு பக்கம் அயல்பெயரின் முதல் ஒலி. நேட்ரியம் எனப்படும் சோடியம் இப்படித்தான் 'நா' ஆனது. ஆக்சிஜனுக்கு ஏற்கெனவே 'யாங் சி', அதாவது உயிரை ஊட்டி வளர்க்கும் காற்று என்ற பெயர் இருந்தது. நாம் பிராணவாயு என்று படித்தோமே, அதே எண்ணம்!

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னொரு கதை. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847-இல் அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். மக்களுக்குப் பயன்பட வேண்டுமானால் மருத்துவனைத் தமிழிலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1860-களில் தமிழ் வழிக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிள்ளைப்பேறு என்று வரிசையாக நூல்கள் தமிழில் வந்தன. வெல்ஸின் இரசாயன நூலும் 1875-இல் தமிழானது. அதன் பெயர் 'கெமிஸ்தம்'.

நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே புத்தகம் சீனத்திலும் தமிழிலும் வந்திருக்கிறது என்றால், தொடக்கத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டது குற்றமும் இல்லை. ஜப்பானியர்களும் 1837-இல் டச்சுச் சொல்லைத் தழுவி 'ஸேமி' என்றுதான் இரசாயன நூலுக்குப் பெயரிட்டார்கள்; பிறகு அதை விட்டுவிட்டுச் சீனத்திலிருந்து 'ஹுவா ஷுவே' எழுத்துகளை வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்குச் சீனர்கள் ஜப்பானிலிருந்து பௌதிகத்துக்கான 'வூ லீ'யை இன்றைய பொருளில் வாங்கினார்கள். கொடுக்கல் வாங்கல் எல்லா மொழியிலும் உண்டு.

வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. கிறீன் 1873-இல் தாயகம் திரும்பினார். அவர் வளர்த்த தமிழ் வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் மேற்படிப்பும் உத்தியோகமும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்ச் சொல் புத்தகத்தில் இருந்தது. அதை வைத்துப் பிழைக்க வழியில்லை. சீனத்திலோ தொழிற்சாலையும் பள்ளியும் பின்னாளில் பல்கலைக்கழகமும் அதே சொற்களைப் பயன்படுத்தின.

நாம் சும்மா இருந்துவிடவும் இல்லை. நம் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலத்தில், 1916-இலேயே ராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் வைத்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் உழைத்தார்கள். அறுபதுகளில் நான் படித்தபோது சரித்திரம், பூகோளம், பௌதிகம், இரசாயனம். என் பிள்ளைகள் காலத்தில் வரலாறு, புவியியல், இயற்பியல், வேதியியல். இன்று பேரனிடம் கேட்டால் ஹிஸ்டரி, ஜியாகிரபி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. 1875-இன் கெமிஸ்தத்தில் புறப்பட்டு கெமிஸ்ட்ரியில் வந்து நிற்கிறோம்.

'வேதியியல்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேதத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தமிழில் 'வேதித்தல்' என்றால் மாற்றுதல். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக மாற்றும் வித்தையைச் சித்தர் மரபில் 'வேதை' என்றார்கள். ஆக, வேதியியல் என்றால் மாற்றம் பற்றிய படிப்பு. ஹுவா ஷுவே என்பதன் பொருளும் அதுவேதான்! இதை அறிந்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இந்தச் சொல்லின் பொருளை வகுப்பறையில் ஒரு நிமிடம் சொன்னால் போதும், பிள்ளை மறக்க மாட்டான்.

சீனர்கள் பள்ளி வாழ்க்கை எல்லாம் சுகம் என்று யாரும் எண்ண வேண்டாம். படிக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கவே இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்துகள் பழக வேண்டும். 1966-இல் கலாசாரப் புரட்சி தொடங்கியபோது கல்லூரி நுழைவுத் தேர்வே நின்றுபோனது. 1977 டிசம்பரில் அது மீண்டும் நடந்தபோது 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. இருபதில் ஒருவர்! வயல் வேலைக்கு அனுப்பப்பட்டு, புத்தகத்தைத் தொட்டே பத்து ஆண்டுகள் ஆனவர்களும் அதில் இருந்தார்கள். இன்றும் ஜூன் மாதத்தில் அந்தத் தேர்வு நாளன்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தூக்கம் இல்லை. நம் பிளஸ் டூ வீடுகளைப் போலத்தான்.

ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. தாத்தா படித்ததும் ஹுவா ஷுவே, பேத்தி படிப்பதும் ஹுவா ஷுவே. இரண்டு பேரும் ஒரே சொல்லில் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். நம் வீட்டில் பேரன் பாடத்தைச் சொல்ல, தாத்தா தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். அவர் படித்த பாடம்தான் அது. பெயர் மட்டும்தான் வேறு. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாகப் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். பாடத்தையும் கற்க வேண்டும், பாடத்தின் பெயரையும் வேற்றுமொழியில் சுமக்க வேண்டும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீனப் பள்ளியிலும் இன்று ஆங்கிலம் ஒரு பாடம்தான். சொல்லை உருவாக்குவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்பதற்கு மூன்று தலைமுறைச் சொற்கள் சாட்சி. ஒரு சொல் பழகி வேர் பிடிக்கும் முன்பே அடுத்ததற்குத் தாவினோம். வேர் பிடிக்கச் செய்ய அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு வந்து உட்காரும்போது, பிராணவாயு என்றால் என்ன, வேதித்தல் என்றால் என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவனும் கேட்பான்.