மணி பிளான்ட்டைத் திருடி வச்சாத்தான் வளருமா?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னத் திருட்டுல ஆரம்பிக்குது.

என் பால்கனியில ஒரு மணி பிளான்ட் இருக்கு. யாரோ வீட்டு காம்பவுண்டுக்கு வெளியே தொங்கின கொடியில இருந்து என் அத்தை ஒரு துண்டு கிள்ளிட்டு வந்தாங்க. "கேட்டு வாங்கினா வளராதுடா, திருடி வச்சாத்தான் வளரும்"னு சொல்லி பாட்டில் தண்ணியில போட்டாங்க. நீங்களும் இதைக் கேட்டிருப்பீங்க. மூடநம்பிக்கைதான். ஆனா இந்தச் செடியோட வரலாற்றைப் படிச்சப்போ, அத்தை பாதி சரியாத்தான் சொல்லியிருக்காங்கன்னு தோணுச்சு.

இதோட சொந்த ஊர் பசிபிக் கடல்ல, தாஹிட்டிக்குப் பக்கத்துல இருக்கிற மோரேயா தீவு. 1880ல பெல்ஜியத்துல நர்சரி நடத்தின ழான் லிண்டனும் எதுவார் ஆந்த்ரேயும் இதுக்கு 'போத்தோஸ் அவுரியஸ்'னு பேர் வச்சாங்க. சாலமன் தீவுச் செடின்னு பதிவாச்சு. பேர், ஊர் ரெண்டுமே தப்பு.

காரணம் இருக்கு. ஒரு செடி எந்தப் பேரினம்னு முடிவு பண்ண பூ முக்கியம். இதுவோ பூக்கறதே அபூர்வம். 1962ல ஒரு செடி பூத்த பிறகுதான் பேரை மாத்தினாங்க. 1964ல இன்னொரு முறை மாத்தி, 'எப்பிப்ரெம்னம் அவுரியம்' ஆச்சு. ஆனாலும் வெளிநாட்டுக் கடைகள்ல இன்னைக்கும் இதை போத்தோஸ்னுதான் விக்கிறாங்க.

ஏன் பூக்கலை? விடை 2016லதான் வந்தது. பூக்கறதுக்குத் தேவையான ஜிப்ரெலின் ஹார்மோனை இந்தச் செடியால சரியா தயாரிக்க முடியலை. அதைத் தயாரிக்க வேண்டிய ஒரு மரபணு வேலை செய்யலை. ஆய்வகத்துல அந்த ஹார்மோனை வெளியில இருந்து கொடுத்ததும் பூ வந்தது.

பூ இல்லைன்னா விதை இல்லை. அப்போ மோரேயாவுல இருந்து உங்க ஹாலுக்கு எப்படி வந்தது? யாரோ வெட்டினாங்க, யாரோ வாங்கினாங்க, அவங்ககிட்ட இருந்து இன்னொருத்தர் கிள்ளினாங்க. உங்க பாட்டில்ல இருக்கறது விதையில முளைச்ச குட்டி இல்லை. ஒரு பழைய கொடியோட உடம்புத் துண்டு. அத்தை சொன்னதுல பாதி உண்மை அதுதான். திருடணும்னு இல்லை, ஒரு மனுஷக் கை வேணும்.

கிள்ளும்போது நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. கணு இல்லாத தண்டை வெட்டி வச்சேன், அழுகிப் போச்சு. இலை முளைக்கிற கணுவுக்குக் கீழே வெட்டணும். வேர் அங்கிருந்துதான் வரும். தொட்டியில மேல் மண் காஞ்ச பிறகு தண்ணி ஊத்தினா போதும். ரொம்ப இருட்டுல வச்சா மஞ்சள் திட்டுகள் மங்கிடும். பூனை, நாய் கடிக்காம பார்த்துக்கோங்க, இலை வாயை எரிக்கும்.

இன்னொண்ணு. வீட்டுல உள்ளங்கை அளவுல இருக்கிற இந்த இலை, மரம் ஏறினா ஒரு மீட்டர் நீளம்கூட வளரும். கண்டியில உடவத்தகெலே காட்டுல இது பல ஏக்கருக்குப் படர்ந்து மற்ற செடிகளை மூடிடுச்சு. பூக்காத, விதைக்காத ஒரு செடி! ஒரு கணு தரையில விழுந்தாலே அதுக்குப் போதும்.

அதனால, வெட்டின கொடியை ஏரிக்கரையிலயோ காலி மனையிலயோ வீசாதீங்க. நண்பருக்குக் கொடுங்க. வாங்க யாருமே இல்லைன்னா, நல்லா வெயில்ல காய வச்சுட்டு குப்பையில போடுங்க.

அத்தைகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "சரி, அடுத்த தடவை கேட்டே வாங்குறேன்"னாங்க. நான் நம்பலை.