இடைவெளியின் வரலாறு: வாய்வழித் துப்பாக்கியில் மருந்தும் குண்டும்

திருச்செங்கோட்டுச் சமவெளியிலும் அதற்குக் கிழக்கே எழும் கொல்லிமலையிலும் நாட்டுத் துப்பாக்கி என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துக் கோலால் இடித்து, அதன்மேல் ஈயச் சன்னத்தையோ பால்ரஸ் குண்டையோ இட்டு, அது உருண்டு வெளியே விழாதபடி மறுபடி நார் அடைத்து, பின்புறம் கேப் பொருத்திச் சுடுவது. இவ்வகை ஆயுதத்தின் வரலாறு பெரும்பாலும் மருந்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது: வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து முதலில் வந்தது, பிறகு புகையற்ற மருந்து வந்தது, அதனால் வேகமும் தூரமும் கூடின என்று. இந்த வரிசை காலக்கணக்கில் சரி, காரணகாரியத்தில் அரைகுறை. குண்டுக்கும் குழல்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை எப்படி அடைப்பது என்பதே வாய்வழித் துப்பாக்கியின் மையச் சிக்கல் என்பதும், எவ்வளவு மருந்து என்ற கேள்விக்கு அந்த அடைப்பைத் தவிர்த்துவிட்டுப் பதில் கிடையாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இன்று அமெரிக்காவில் புகையற்ற மருந்துக்கென்றே செய்யப்படும் வாய்வழித் துப்பாக்கியும், அதில் குண்டைச் சுற்றி அணிவிக்கப்படும் சாபோ என்னும் பிளாஸ்டிக் உறையும் இந்த நீண்ட முயற்சியின் கடைசிக் கட்டம். அதன் முந்தைய கட்டங்கள் சில தமிழ்நாட்டு மண்ணைத் தொட்டுச் சென்றிருக்கின்றன.

மருந்தின் அளவை ஊகமாக இல்லாமல் எண்ணாகச் சோதிக்க வழி சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியான பீரங்கியியல் நூலில் அவர் ஊசல் சோதனையை விவரித்தார். தொங்கும் கனத்த பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு பின்னோக்கி ஆடுகிறது என்று அளந்தால் குண்டின் வேகம் கணக்கில் கிடைத்துவிடும். முக்கால் அங்குல ஈயக் குண்டு, அதன் எடையில் பாதியளவு மருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகம் பெறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதுவரை காற்றின் தடையைப் பொருட்படுத்தாத கணிதம் இதனால் ஆட்டம் கண்டது. 1745இல் ஆய்லரே அந்த நூலை விரிவான விளக்கங்களோடு ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்திச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பியது. 1750இல் வந்து சேர்ந்தவர், ஓராண்டு முடிந்த கையோடு 1751 ஜூலையில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். நவீனத் துப்பாக்கிச் சோதனையின் தந்தை கெடிலம் ஆற்றங்கரையில் உயிர்விட்டார் என்பது நம் பாடநூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி. ஆனால் அவருடைய கணக்கில் ஒரு தளர்வு உண்டு. குண்டு நகரும் முன்பே மருந்து முழுவதும் எரிந்துவிடுகிறது, எழும் வாயு முழுவதும் குண்டைத் தள்ளுகிறது என்றே அவர் கொண்டார். பக்கவாட்டில் எவ்வளவு வாயு நழுவுகிறது என்ற கேள்வியை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைத்தார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் வூல்விச்சில் சார்ல்ஸ் ஹட்டன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில், அதே ஊசலைப் பெரிதாக்கிப் பீரங்கிக் குண்டுகளைச் சோதித்த அவர், குண்டின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி விட்டாலே மருந்தின் ஆற்றலில் மூன்றில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் நடுவே ஒரு பங்கு வீணாகிறது என்று கண்டார். அப்படியிருந்தும் படைகள் ஏன் அந்த இடைவெளியை விட்டன? கருமருந்து எரிந்ததும் குழலுக்குள் பிசுக்கு படிகிறது. ஒவ்வொரு சுடுதலிலும் அது தடிமனாகிறது; இறுக்கமான குண்டானால் நான்காவது ஐந்தாவது முறை உள்ளே இறங்காது. கம்பெனிச் சிப்பாய்கள் ஏந்திய பிரவுன் பெஸ் வகைத் துப்பாக்கியின் குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம். குழல்வாயின் பரப்பில் 15 விழுக்காடு திறந்தே கிடந்தது என்று இதற்குக் கணக்கு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஆறரை இஞ்சுத் துளையில் மெல்லிய ராடு இறங்கினால் கம்ப்ரெசர் காற்று அகன்ற சந்தில் வேகமிழந்து கல்தூளை மேலே கொண்டுவராது, காற்றைக் கூட்டுவதைவிடச் சந்தைக் குறைப்பதுதான் வழி. திப்புவுடனான 1792 உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தபோது, திருச்செங்கோட்டுக்கு வடக்கே பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள சங்ககிரிக் கோட்டையிலும் மாறியது கொடிதான். திப்புவின் வீரரும் கம்பெனிச் சிப்பாயும் ஒரே இடைவெளிச் சிக்கலோடுதான் எதிரெதிரே நின்றிருந்தார்கள்.

விடை தேடிய வழிகள் இரண்டு. ஒன்று பழையது: குண்டை எண்ணெய்த் துணியில் சுற்றி இறக்குவது. உட்சுவரில் திருகுப் புரியிட்ட குழல் வைத்திருந்த வேட்டைக்காரர்கள் இதைக் கையாண்டார்கள். மெதுவானது என்பதால் படைக்கு ஒத்துவரவில்லை. மற்றது, இறங்கும்போது தளர்வாகவும் சுடும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு. 34ஆம் படைப்பிரிவின் கேப்டன் ஜான் நார்ட்டன் உட்குழிந்த அடிப்பாகம் கொண்ட நீள்குண்டை 1820–30களில் முன்வைத்தார். தென்னிந்தியாவில் இருந்தபோது உள்ளூரார் ஊதுகுழல் அம்புகளின் அடியில் தாமரைத் தண்டின் நெகிழ்வான நெட்டியைப் பொருத்தியிருந்ததையும், ஊதியதும் அது விரிந்து குழலை அடைத்ததையும் பார்த்தே அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்று படைக்கல வரலாறுகள் சொல்கின்றன. கண்டுபிடிப்புகளுக்குப் பின்னாளில் ஒட்டவைக்கப்படும் அழகான கதைகளில் ஒன்றாக இதையும் ஒருவர் ஒதுக்கலாம். நார்ட்டன் குண்டைப் பிரிட்டன் ஏற்கவில்லை, 1849இல் பிரான்சின் மினியே செய்த குண்டுதான் உலகெங்கும் பரவியது என்பதும் உண்மை. ஆனால் கதையின் நம்பகம் என் வாதத்துக்கு அவசியமில்லை. ஊதுகுழல் செய்தவரும் நார்ட்டனும் மினியேயும் தனித்தனியே வந்து முட்டிய இடம் ஒன்றே: தள்ளும் காற்றைத் தள்ளப்படும் பொருளே அடைக்க வேண்டும். இவர்களில் யாரும் மருந்தை மாற்றவில்லை. அதே கருமருந்து, சொல்லப்போனால் முன்னைவிடக் குறைந்த அளவில், இரண்டு மூன்று மடங்கு பயன்தரும் தூரத்துக்குக் குண்டைக் கொண்டுபோனது.

இதற்குக் கறாரான சோதனை இந்தியாவிலேயே நடந்தது, யாரும் சோதனையாகத் திட்டமிடாமல். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம், முதலில் அதற்கு வழங்கிய குண்டு 0.568, திறந்த பரப்பு மூன்று விழுக்காடு மட்டுமே. மருந்து இரண்டரை டிராம். இங்கிலாந்தின் குளிரில் ஒழுங்காக இறங்கிய அந்தக் குண்டு, 1857–58 போர்க்களங்களின் வெயிலில், பிசுக்கு காய்ந்து இறுகிய குழலில் இறங்க மறுத்தது. கொழுப்புத் தடவிய தோட்டாவின் அரசியல் விளைவைப் பற்றி நூலகம் நிறைய எழுதியாயிற்று. அதன் தொழில்நுட்பப் பாதி இது. தீர்வாகக் குண்டை 0.550 அங்குலமாகச் சிறுத்தார்கள். இடைவெளி ஒன்பது விழுக்காடாக அகன்றது. அதை ஈடுகட்ட அடிக்குழிவில் ஒரு கட்டையடைப்பை வைத்து, வாயுவின் அழுத்தத்தில் அது முன்னேறி ஈயத்தை விரிக்கும்படி செய்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. இடைவெளியும் அடைப்பும் மட்டுமே மாறின, துப்பாக்கி மறுபடி வேலை செய்தது.

புகையற்ற மருந்து வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று என்று நினைப்பது இயல்பு. நோபிளும் ஏபெலும் 1875இல் வெளியிட்ட ஆய்வின்படி கருமருந்து எரிந்தால் எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடுதான் வாயுவாகிறது. மிச்சம் திடப்பொருள், அதாவது பிசுக்கும் புகையும். 1884இல் பிரான்சில் வியெய் உருவாக்கிய நைட்ரோசெல்லுலோஸ் மருந்தில் அந்த மிச்சம் ஏறக்குறைய இல்லை. அதே ஏபெல், டியூவருடன் சேர்ந்து 1889இல் கார்டைட்டைச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீலகிரியின் அரவங்காட்டில் அதற்கு ஆலை எழுந்தது, இன்றும் இயங்குகிறது. பிசுக்கு போனதால் இடைவெளி விட வேண்டிய காரணமும் போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் கடினமான ஒன்று வந்து உட்கார்ந்தது. கருமருந்தின் எரிவேகம் அழுத்தத்தை ஓரளவே சார்ந்தது. திறந்த இடத்திலும் அது படாரென்று எரியும். புகையற்ற மருந்து திறந்த இடத்தில் சோம்பலாக எரியும், அடைத்த இடத்தில் அழுத்தம் ஏற ஏறத் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும். ஆகவே தளர்ந்த குண்டின் பின்னே அது பாதி எரியாமல் தூளாகக் கொட்டுகிறது. இறுகிய கனத்த குண்டின் பின்னே குழலைப் பிளக்கிறது. கருமருந்தில் அடைப்பு என்பது ஆற்றலை மிச்சப்படுத்தும் வழியாக இருந்தது. புகையற்ற மருந்தில் எரிதல் நடப்பதே அடைப்பைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

உலோகத் தோட்டா இந்தச் சிக்கலை முற்றாகத் தீர்த்ததால் நூறாண்டுக்கு மேல் யாரும் வாய்வழித் துப்பாக்கியில் புகையற்ற மருந்தைப் பொருட்டாக முயலவில்லை. வட கரோலினாவின் ஹென்றி பால் வடிவமைத்து, சாவேஜ் நிறுவனம் 2000ஐ ஒட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்த 10எம்எல் துப்பாக்கி அதை முயன்றது. இன்றைய ரைஃபிள் குழலின் எஃகும் பூட்டும் அதில் இருந்தன. ஆனால் நிறுவனம் சில குறிப்பிட்ட மருந்துகளையும் எடைகளையும் மட்டுமே அனுமதித்தது. அதில் இறங்கும் குண்டைப் பாருங்கள். குழல் 0.50 அங்குலம், குண்டு சுமார் 0.452. வெறுமனே இட்டால் 18 விழுக்காடு திறந்திருக்கும். பிரவுன் பெஸ்ஸின் இடைவெளியைவிடப் பெரிது. அத்தனையையும் அடைப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. வாயுவைத் தடுப்பது, புரியைப் பற்றிக் குண்டைச் சுழற்றுவது, கோலால் தள்ளினால் இறங்குமளவு வழுக்குவது, குழல்வாயைத் தாண்டியதும் இதழ்விரித்துக் குண்டை விட்டுப் பிரிவது என நான்கு வேலை அதற்கு. எனவே இந்தத் துப்பாக்கியில் மருந்துச் சோதனை என்பது உண்மையில் உறைச் சோதனை. மருந்தைப் படிப்படியாகக் கூட்டும்போது வேகமானி காட்டும் எண் ஒரே சீராக ஏறாமல் சுடுதலுக்குச் சுடுதல் சிதறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உறையின் இறுக்கத்தை. மருந்தின் தரம் பிறகு. குழல் சூடேறினால் பிளாஸ்டிக் இளகி அடைப்பு கைவிடும். அதனால்தான் ஒவ்வொரு சுடுதலுக்கும் நடுவே குழலை ஆறவிடுவது இந்தச் சோதனையில் கட்டாய விதி. ஆறாத குழலில் எடுத்த அளவுகளை ஆறிய குழலின் அளவுகளோடு ஒரே அட்டவணையில் சேர்த்தால் அந்த அட்டவணை எதையும் நிரூபிக்காது. கொங்குநாட்டுச் சித்திரை வெயிலில் இந்தச் சோதனையைச் செய்பவர் இன்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று. அடைப்பு அவ்வளவு முக்கியமென்றால், நார் அடைத்த நாட்டுத் துப்பாக்கி இத்தனை தலைமுறைகளாக எப்படி மாறாமல் நிற்கிறது? மலைவாழ் மக்களின் பின்தங்கலே காரணம் என்ற பதில் எளிது, ஏற்கத்தக்கதல்ல. துப்பாக்கியை இப்படி நிறுத்திவைத்ததில் சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்குள் அடைத்தது. அதன் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று மெய்யாகக் கேட்பவருக்கு வாய்வழித் துப்பாக்கியைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால்தான் வேறு வழுக்குக்குழல் (புரியில்லாத குழல்) துப்பாக்கி. சோளத்தையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கச் சட்டமே தேர்ந்தெடுத்துத் தந்த கருவி இது. வழுக்குக்குழலில் சன்னம் இட்டு முப்பது நாற்பது கெஜத்துக்குள் சுடும் ஆயுதத்துக்கு நார் அடைப்பு போதும். அந்தத் தூரத்துக்கு அதற்குமேல் அடைப்பதால் பெரிய ஆதாயம் கிடையாது. ஆகவே மாறாமை என்பது பொருந்திப் போனதன் அடையாளம். ஆபத்து தொடங்குவது மருந்து மட்டும் மாறும்போது. தண்ணீர்க் குழாயிலோ பழைய இரும்பிலோ செய்த குழலில் புகையற்ற மருந்தை அதே கைப்பிடி அளவில் போட்டால் குழல் பிளக்கும், போட்டவர் கையும் போகும். கருமருந்தைக் கொள்ளளவால் அளந்து பழகிய கைக்கு, எடையால் அளக்க வேண்டிய மருந்து புரியாது என்பது ஒரு காரணம். அடைப்பின் இறுக்கம் தற்செயலாக எப்படி அமைந்தாலும் அதை அந்த மருந்து பெருக்கிக் காட்டும் என்பது இன்னொன்று.

இரண்டாவது மறுப்பு, சாபோ என்பது வாய்வழித் துப்பாக்கிக்கே உரியதல்ல, பீரங்கி வேறு கதை என்பது. கருவி வேறு, சிக்கல் அதேதான் என்பதற்குத் திருச்சி சான்று. அங்குள்ள கன உலோகக் கலவை ஊடுருவித் திட்டத்தில் டாங்கி எதிர்ப்புக் குண்டுகளுக்கான டங்ஸ்டன் தண்டுகள் தயாராகின்றன. மெல்லிய தண்டு, அதைவிட மிக அகன்ற 125 மி.மீ. குழல், நடுவே துண்டுகளாகப் பிரியும் உறை. அங்கே புரியும் கிடையாது. தண்டின் வாலில் உள்ள சிறகுகள்தான் அதை நேரே செலுத்துகின்றன. நாட்டுத் துப்பாக்கியைப் போலவே அதுவும் வழுக்குக்குழல். இந்த ஒற்றுமையை நான் தூக்கிப் பிடிக்க விரும்பவில்லை. உறை முழுவதையும் அடைக்கத் தவறினால் அங்கும் வேகம் சரியும் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

அடைப்பின் முதன்மையை நீதிமன்றமும் தன் வழியில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. புரியிட்ட குழலிலிருந்து வந்த குண்டின் மேல் அந்தக் குழலின் கீறல் பதிந்திருக்கும். தடயவியல் வல்லுநர் அதைக் கொண்டு எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவார். வழுக்குக்குழலில் இட்ட சன்னத்தில் அப்படி எதுவும் இராது. நாட்டுத் துப்பாக்கி வழக்கில் அவர் தேடுவது காயத்துக்குள்ளோ தரையிலோ கிடக்கும் அடைப்பை: நார் என்றால் எந்த நார், துணி என்றால் எந்தச் சேலையின் கிழிசல், தாள் என்றால் எந்த நாளிதழின் எந்தப் பக்கம். குண்டு சொல்லாததை அடைப்பு சொல்லிவிடுகிறது.