படைக்கலம் தேரும் அறிவு



போர்க்கதை கேட்கும்போது நம் உள்ளம் வீரத்தையே நாடுகிறது. யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்கிறோம். வென்றவர் கையில் இருந்த கருவி எத்தகையது, அதை அவர் ஏன் தேர்ந்தார் என்று கேட்போர் மிகச் சிலர். அமைச்சின் இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவர், செயலுக்குத் தக்க கருவியை முதலில் வைத்தார். தக்க பொழுதையும் செய்யும் முறையையும் அதன்பின் வைத்தார். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் கெடும் என்பதற்கு நம் குமரி மாவட்டத்து வரலாறே சான்று பகரும். குளச்சல் கடற்கரை, உதயகிரிக் கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய மூன்று இடங்களை மட்டும் இங்கே நோக்குவோம்.

1729ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மர் அரியணை ஏறினார். அவருடைய தலைநகர் கல்குளம் என்னும் பத்மநாபபுரம். சிற்றரசுகளை ஒவ்வொன்றாக வென்று அவர் நாட்டை விரிவாக்கியபோது, மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த டச்சுக் கம்பெனியார் அஞ்சினர்.  அவர்கள் அனுப்பிய படை 1741ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளச்சலில் இறங்கிக் கரையோர ஊர்களைக் கைப்பற்றிக் கல்குளத்தை நெருங்கிற்று.

அந்நாளில் துப்பாக்கி நம் நாட்டார் அறியாத பொருளன்று. போர்ச்சுகீசியர் வந்தபின் 16ஆம் நூற்றாண்டு முதலே அது மலையாளக் கரையில் பரவியிருந்தது. ஆனால் பெரும்பாலானவை திரித் துப்பாக்கிகள். கனலும் கயிற்றுத் திரியால் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். மழை பெய்தால் திரி அணையும். இருளில் அதன் கனலே வீரன் நிற்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஐரோப்பியப் படைகளோ அதற்குள் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிக்கு மாறிவிட்டன. பழகிய வீரன் ஒரு நிமிடத்தில் இருமுறை, மும்முறை கூட அதனால் சுடுவான். கருவியை மட்டும் நோக்கின், வெற்றி டச்சுக்காரருக்கே உரியதாகத் தோன்றும்.

நடந்தது வேறு. அவர்கள் பொழுதை அறியவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குளச்சல் கடல் கொந்தளிக்கும். கப்பல் கரையை அணுகுவது அரிது. உதவி வரும் வழி அடைபட்ட நிலையில், வேணாட்டுப் படை டச்சுப் பாசறையைச் சூழ்ந்தது. பாசறையின் வெடிமருந்தில் தீப்பற்றி, உணவுச் சேமிப்பும் எரிந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். மருந்தும் சோறும் இல்லாத வீரனுக்குத் துப்பாக்கி வெறும் இரும்புத் தடியே அன்றோ? புதிய நாட்காட்டியின்படி 1741 ஆகஸ்டு 10 அன்று டச்சுப் படை தோற்றது. அதன் நினைவாக நாட்டிய வெற்றித்தூண் குளச்சலில் இன்றும் நிற்கிறது.

வென்ற மன்னர் அடுத்துச் செய்ததே நாம் கருத வேண்டியது. கைப்பற்றிய துப்பாக்கிகளை எண்ணிப் பார்த்து மகிழ்ந்து அமைதியுறுவது எளிது. மார்த்தாண்டவர்மரோ, அத்துப்பாக்கிகளைப் பயன்படுத்தத் தெரிந்த மனிதரைத் தேர்ந்தார். சிறைப்பட்டவருள் ஒருவரான டிலனாய் என்பாரிடம் தம் வீரருக்குப் பயிற்சியளிக்கும் பணியை ஒப்படைத்தார். பகைவனாக வந்தவர் ஆசிரியராக நின்றார். பின்னாளில் மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர்.

பத்மநாபபுரத்திற்கு அண்மையில், ஒரு குன்றைச் சூழ்ந்து ஏறத்தாழ 90 ஏக்கர்ப் பரப்பில் அமைந்தது உதயகிரிக் கோட்டை. டிலனாயின் மேற்பார்வையில் அது கருங்கல் மதில் கொண்டதாக வலுப்பெற்றது. அதனுள்ளே பீரங்கியும் குண்டும் வார்க்கும் உலைக்கூடம் எழுந்தது. படைக்கலத்தை விலைக்கு வாங்குவோர், பிறர் தருவதையே ஏற்க வேண்டியவர். செய்யத் தெரிந்தவர் தமக்கு வேண்டியதைத் தேரலாம்.

அந்தத் தேர்வு எளிதன்று. குழாயின் உள்விட்டம் இன்னது என்றால் குண்டு அதைவிடச் சற்றே சிறிதாக இருத்தல் வேண்டும்; மிகச் சிறிதானால் விசை வீணாகும், பெரிதானால் குழாயில் சிக்கும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை குழாயின் வலிமைக்கு ஏற்றதாக அமைய வேண்டும். மிஞ்சினால் குழாய் வெடித்துச் சுடுபவனையே கொல்லும். முனையில் பொருத்தும் ஈட்டியும் அவ்வாறே. தொடக்கத்தில் ஐரோப்பியர் அதனைக் குழாயின் வாய்க்குள்ளேயே செருகினர். ஈட்டி இருக்கும்வரை சுட முடியாது. பின்னரே, வாயை அடைக்காமல் குழாயின் புறத்தே வளையமாகப் பொருந்தும் ஈட்டியைக் கண்டனர். சிறு மாற்றந்தான்; ஆயினும் போர்முறையையே அது மாற்றியது.

துப்பாக்கியின் வாயில் எதைப் பொருத்தினாலும் அது முழுக் கருவியையும் பாதிக்கும் என்னும் இந்த உண்மை இன்றளவும் மாறவில்லை. 1909ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம், 'சைலன்சர்' என்னும் ஓசை அடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதனைத் தேர்வோரும் குழாயின் விட்டத்தையும் மருந்தின் அழுத்தத்தையும் முதலில் நோக்குகின்றனர். அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியாயின் மேலும் ஒரு கவலை உண்டு: வாயில் தடைப்பட்ட வளி பின்னோக்கித் திரும்பி, உள்ளுறுப்புகளை மிகுந்த விரைவில் இயக்கிக் கரி படியச் செய்யும். ஓசையும் முற்றும் அடங்காது. ஒலியினும் விரைந்து செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஒலியை எந்தக் கருவியும் மறைக்க இயலாது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கிறோம் என்பதை உணர்ந்து தேர்வதே அறிவு.

உலைக்கூடம் இருந்தும், உதயகிரியால் எல்லாத் தேவையும் நிறைவேறிவிடவில்லை. 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரையில் டச்சுக்காரரோடு மன்னர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுதோறும் 12,000 ரூபாய் அளவுக்குப் படைக்கலங்களைத் தமக்கு விற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. முன்னர்ப் போரிட்ட பகைவரிடமே கருவி வாங்கும் நிலை! எதை நாமே செய்வது, எதைப் பிறரிடம் பெறுவது என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

டிலனாய் ஏறத்தாழ 36 ஆண்டுகள் பணியாற்றி 1777ஆம் ஆண்டு மறைந்தார். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில், வடக்கே நெடுங்கோட்டை அரணைத் தாக்கிய திப்பு சுல்தானின் படை முதல் தாக்குதலில் பின்வாங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவ்வரண் பிளவுபட்டது உண்மையே. எனினும், ஆசிரியர் மறைந்த பின்பும் அவர் கற்பித்த பயிற்சி நின்றது என்பதை அம்முதல் தாக்குதல் காட்டிற்று.

இனி ஆரல்வாய்மொழிக்கு வருவோம். நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயில் அது. கணவாயின் இருபுறத்து மலைகளையும் இணைத்து மதில் எழுப்பி, அதன்மேல் பீரங்கிகளை நிறுத்தியிருந்தனர். கல்குளம் வட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த தளவாய் வேலுத்தம்பி, 1809ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் படையொன்று இக்கணவாயை நோக்கி வந்தது. நேரே வந்தால் பீரங்கிகள் விழுங்கிவிடும். ஆகவே மேஜர் வெல்ஷ் என்பாரும் அவர் வீரரும் இரவில், முட்செடியும் பாறையும் நிறைந்த மலைச்சரிவில் ஓசையின்றி ஏறினர். பிப்ரவரி 10 அன்று விடியும் முன் அரண் அவர்கள் வசமாயிற்று. அதே மாதத்தில் உதயகிரியும் எதிர்ப்பின்றிப் பணிந்தது. பீரங்கி வார்த்த கோட்டை, பீரங்கி முழங்காமலே கைமாறியது.

இதனால் விளங்குவது யாது? குளச்சலில் டச்சுக்காரரிடம் நல்ல கருவி இருந்தது; பொழுது பிழைத்தது. ஆரல்வாய்மொழியில் அரணும் கருவியும் இருந்தன, காவல் பிழைத்தது. இடைப்பட்ட காலத்தில் உதயகிரி மேம்பட்டது, கருவியோடு கல்வியும் அங்கு இருந்தமையால்.

உதயகிரிக் கோட்டை இன்று வனத்துறையின் பூங்காவாக விளங்குகிறது. உள்ளே டிலனாயின் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பள்ளிச் சுற்றுலாவாகச் செல்லும்போது மதிலின் உயரத்தை மட்டும் அளந்து திரும்பாதீர்கள். அயலானிடமிருந்து ஒரு தொழிலைக் கற்ற நாட்டின் அடையாளம் அக்கல்வெட்டு. கற்றதைக் காத்து, அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் கடமை உங்களுடையது.