இலை ஒரு தீவில், வரி இன்னொரு தீவில்

இந்தோனேசியாவில் உள்நாட்டு சிகரெட் கலால் வரி வசூலில் 2 சதவீதத்தை மாகாணங்களோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. யாருக்குப் பங்கு? வரி ஈட்டித் தரும் மாகாணங்களுக்கு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் கலால் வரி கணக்காவது ஆலையில். பெரிய ஆலைகள் இருப்பதோ ஜாவா தீவின் கூதுஸ், கெதிரி போன்ற ஊர்களில். வர்ஜீனியா புகையிலையை விளைவித்து, சூளையில் வாட்டிப் பதப்படுத்தி அனுப்பும் லோம்போக் தீவுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

லோம்போக்கை உள்ளடக்கிய மேற்கு நுசா தெங்காரா மாகாணம் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. இலை விளையும் மாகாணத்துக்கும் பங்கு உண்டு என்று 2009-ல் தீர்ப்பு வந்தது. 2022-ல் வந்த இன்னொரு சட்டம் மொத்தப் பங்கை 3 சதவீதமாக்கியது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. புகைப்பதைக் கட்டுப்படுத்தத்தான் இந்த வரி. அதன் பங்கிலிருந்தே புகையிலையின் தரத்தை உயர்த்தவும் செலவு செய்யலாம் என்கிறது 2007 சட்டம். நாளைக்குப் புகைப்பவர்கள் குறைந்தால் இலைக்கு விலையும் போகும், பங்கும் போகும். வழக்காடி ஜெயித்த பணத்தில் ஒரு பகுதியையாவது மாற்றுப் பயிருக்கு இப்பவே ஒதுக்குவதுதான் அந்த உழவர்களுக்குப் பாதுகாப்பு.