அந்திப் பிரார்த்தனையும் அறப்போரும்

அந்தி வேளையில் ஜினாலயத்தில் கூடித் தோத்திரம் பாடுவது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்துள்ள வழக்கம். சிறுவயதில் என் பாட்டனாரின் அருகில் அமர்ந்து நானும் பாடியிருக்கிறேன். பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்த பின்னரும் அவர் மட்டும் கண்களை மூடிச் சற்று நேரம் பேசாது அமர்ந்திருப்பார். "இன்னும் என்ன தாத்தா வேண்டிக்கொள்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "வேண்டவில்லையப்பா. இன்று யாருக்கு என்ன தீங்கு செய்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்" என்றார். சாமாயிகம், பிரதிக்கிரமணம் என்னும் சொற்களின் பொருளை நூல்களில் கற்றது அதற்குப் பல்லாண்டுகள் கழித்துத்தான்.

தமிழாசிரியப் பணியில் இருந்தபோது காந்தியடிகளின் சத்திய சோதனையை மாணவர்களோடு சேர்ந்து பலமுறை படிக்க நேர்ந்தது. படிக்குந்தோறும் பாட்டனாரின் அந்த மௌனம் நினைவுக்கு வரும். வழிபாடு, நினைவுகூர்தல், இசை ஆகிய மூன்றையும் நாம் ஆலயத்தின் எல்லைக்குள் வைத்துக்கொள்கிறோம். நீதியைத் தேடுவதோ வழக்குமன்றத்தின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அண்ணலின் வாழ்வில் இவை வெவ்வேறாக இருந்ததில்லை. அவர்தம் ஆசிரமத்தில் காலையும் மாலையும் ஒலித்த பாட்டே அவருடைய அறப்போர்களுக்குப் பயிற்சிக்களமாக இருந்தது. அவ்வரலாற்றில் சமணத்திற்கும் சமணர்க்கும் உரிய பங்கு சிறிதன்று. இவ்விழா நாளில் அதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

இராஜசந்திரர் இட்ட வித்து

காந்தியடிகள் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் சமணச் சான்றோர் இருவர் அவர் வாழ்வின் திருப்புமுனைகளில் நின்றனர். 1888இல் சட்டம் பயில அவர் இலண்டனுக்குப் புறப்பட்டபோது அன்னையார் புத்லிபாய் அஞ்சினார். அப்போது பெச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர், மது, மாமிசம், மாதர் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்னும் உறுதிமொழியை இளைஞரிடம் பெற்றுத் தாயாரின் அச்சத்தைப் போக்கினார்.

1891இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் பம்பாயில் ஸ்ரீமத் இராஜசந்திரரைச் சந்தித்தார். அவர் நகை வணிகர்; ஒரே சமயத்தில் நூறு செய்திகளை மனத்தில் நிறுத்தவல்ல சதாவதானி; கவிஞர். வாணிகக் கணக்கை முடித்த மறுகணமே தம் சமய நாட்குறிப்பைத் திறந்துவிடுவார் என்று காந்தியடிகள் வியந்து எழுதுகிறார். கடையிலிருந்தபோதும் அவருடைய துறவு மனம் மாறவில்லை என்பதே அந்த வியப்புக்குக் காரணம். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது, 1894இல் அவற்றை வினாக்களாக எழுதி இராஜசந்திரருக்கே அனுப்பித் தெளிவு பெற்றார். 1901இல் தம் 33ஆம் வயதில் இராஜசந்திரர் மறைந்தார். அவர் பாடிய 'அபூர்வ அவசர்' என்னும் பாடல் பின்னாளில் ஆசிரமப் பஜனாவளியில் இடம்பெற்றது. நரசிம்ம மேத்தா, மீராபாய், கபீர், துக்காராம் முதலியோர் பாடல்களோடு ஒரு சமண இல்லறத்தாரின் பாடலும் அங்கே சேர்த்துப் பாடப்பட்டது.

கோச்ரபில் நேர்ந்த சோதனை

1915 மே 25ஆம் நாள் அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் ஆசிரமம் தொடங்கிற்று. சில மாதங்களிலேயே தூதாபாய் என்னும் ஆசிரியர், தம் மனைவி தானிபென், குழந்தை இலட்சுமி ஆகியோருடன் அங்கு வந்து சேர்ந்தார். அவர்கள் தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட குலத்தினர். ஆசிரமத்தார் யாவரும் ஒரே கூட்டத்தில் உண்டு, ஒரே கூட்டத்தில் பாட வேண்டும் என்பது அங்குள்ள விதி. பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவர், தம்மீது துளி தெறித்துத் தீட்டாகும் என்று வைதார். ஆசிரமத்துக்குள்ளேயும் முணுமுணுப்பு எழுந்தது. கஸ்தூரிபாய்க்குமே மனம் ஒப்பவில்லை. நன்கொடைகள் நின்றன. அடுத்த மாதச் செலவுக்குப் பணமில்லை என்று மகன்லால் காந்தி தெரிவித்தார். "அப்படியானால் தீண்டப்படாதோர் சேரிக்கே குடிபெயர்வோம்" என்பதே அண்ணலின் முடிவாக இருந்தது.

அந்நிலையில் ஒருநாள் சேட் ஒருவர் மோட்டார் வண்டியில் வந்து, உதவி வேண்டுமா என வினவிச் சென்றார். மறுநாள் குறித்த நேரத்தில் மீண்டும் வந்தவர், வண்டியைவிட்டு உள்ளே வராமலேயே 13,000 ரூபாயைக் காந்தியடிகளின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சத்திய சோதனையில் அவர் பெயர் குறிக்கப்படவில்லை. அவரே அகமதாபாத்தின் ஆலை அதிபரும் சமணருமாகிய அம்பாலால் சாராபாய் என்பது பின்னர் யாவரும் அறிந்த செய்தி. ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பம் பிரார்த்தனைக் கூட்டத்தில் தொடர்ந்து அமர்வதற்கு ஒரு சமணரின் பொருள் துணை நின்றது. தானங்களில் இது உயர்ந்தது என்பேன்.

வேலமரத்தடியில்

மூன்றாண்டுகள் கழிந்தன. 1918இல் அதே அம்பாலாலை எதிர்த்து நிற்கும் நிலை அண்ணலுக்கு ஏற்பட்டது. பிளேக் நோய்க் காலத்தில் ஆலைத் தொழிலாளர்க்கு அளிக்கப்பட்ட சிறப்புப் படியை அதிபர்கள் நிறுத்த முனைந்தனர். விலைவாசியோ போரினால் ஏறியிருந்தது. அதிபர்கள் 20 விழுக்காடு உயர்வு தருவதாகக் கூறினர். கணக்குகளை ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நியாயம் என்று வரையறுத்தார். பிப்ரவரி 22ஆம் நாள் ஆலைகளில் கதவடைப்புத் தொடங்கிற்று. அதிபர்களின் பக்கம் தலைமை தாங்கியவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் முன்நின்றவர் அவருடைய தமக்கையார் அனசூயாபென். ஒரே சமணக் குடும்பத்தின் உடன்பிறந்தார் இருவர் இருபக்கமும் நின்றும், அவர்களிடையே அன்பு முறியவில்லை.

சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு வேலமரம். அதன் நிழலில் தொழிலாளர் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கூடினர். இறைவனைச் சான்றாக வைத்துத் தாம் எடுத்த உறுதிமொழி அங்கே நாள்தோறும் நினைவூட்டப்பட்டது. துண்டறிக்கை ஒன்று படித்துக் காட்டப்பட்டது. தொழிலாளர் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினர். 'ஏக் டேக்', அதாவது 'ஒரே உறுதி' என்று பொறித்த கொடியேந்தி நகர வீதிகளில் அமைதியாக ஊர்வலம் சென்றனர். பசித்த வயிற்றோடு கல்லெறியாமல் இருப்பது எளிதன்று. நாள்தோறும் கூடுவதும், நினைவூட்டுவதும், பாடுவதுமே அவர்களைத் தாங்கின.

எனினும் மூன்று வாரங்கள் ஆனதும் உறுதி தளர்ந்தது. "காந்தியும் அனசூயாபென்னும் காரில் வருகிறார்கள், நன்றாக உண்கிறார்கள்; பட்டினி கிடப்பவர் நாங்கள்" என்னும் பொருள்படத் தொழிலாளர் சிலர் கூறியது அண்ணலின் செவிக்கு எட்டிற்று. அவர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை, உண்மையென்றே கொண்டார். மார்ச் 15ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. முதல் நாள் 35, மறுநாள் 20, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை இரண்டிற்கும் இடைப்பட்ட 27.5 விழுக்காடு என முடிவாயிற்று. நடுவராயிருந்த பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவர் இறுதியில் 35 விழுக்காடே நியாயம் என்று தீர்ப்பளித்தார்.

இவ்வெற்றியைவிட என்னை ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. மார்ச் 17ஆம் நாள், நோன்பு முடியுமுன்பே, ஆசிரமத்தாரிடம் காந்தியடிகள் தம் நோன்பிலுள்ள குறையைத் தாமே எடுத்துரைத்தார். அதிபர்கள் தம்மீது அன்புடையவர்கள். தாம் பட்டினி கிடப்பது அவர்களை நெருக்குவதாகிறது. ஆகவே இந்நோன்பு முற்றும் தூயதன்று என்றார். எதிராளிக்குத் தாம் செய்யும் தீங்கையும் கணக்கில் எழுதிய உள்ளம் அது. ஜினாலயத்தில் என் பாட்டனார் கண்மூடி இருந்ததும் இக்கணக்கைப் பார்க்கத்தானே!

பாடிக்கொண்டு நடந்தவர்கள்

விஷ்ணு திகம்பர் பலூஸ்கரின் மாணவரான நாராயண் மோரேஷ்வர் கரே ஆசிரமத்தின் இசையாசிரியராக அமைந்தார். பல சமயத்துப் பாடல்களையும் திரட்டிப் பஜனாவளியை உருவாக்கியவர் அவரே. தேர்ந்த இசைவாணராயிருந்தும், குரல் வளமில்லாத மக்கள் கூடிப் பாடுதற்கேற்ப மெட்டுகளை அமைத்துத் தந்தார். மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் பெயர் அழைக்கப்படும். ஒவ்வொருவரும் அன்று தாம் நூற்ற நூலின் அளவைச் சொல்ல வேண்டும். பாட்டை அடுத்துக் கணக்கு வரும் இவ்வொழுங்கு நாள் தவறாது நடந்தது.

1930 மார்ச் 12ஆம் நாள் தண்டியை நோக்கிப் புறப்பட்ட தொண்டர் அணியில் கரேயும் இருந்தார். 24 நாள் நடைப்பயணத்தில் நாள்தோறும் பிரார்த்தனை நடந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் உப்புச் சட்டம் மீறப்பட்டது. அந்நாளைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. 1919 ஏப்ரல் 6இல் நாடெங்கும் நோன்பும் பிரார்த்தனையுமாகக் கடையடைப்பு நிகழ்ந்தது; ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக்கில் எளியவர் குருதி சிந்தினர். இவ்விரு நாளுக்கும் இடைப்பட்ட வாரம் தேசிய வாரமாக ஆண்டுதோறும் நினைவுகூரப்பட்டது. பழிவாங்கும் எண்ணத்தோடன்று, நோன்போடும் நூற்போடும் அவ்வாரம் கழிக்கப்பட்டது.

அந்நினைவின் வழியே தமிழகமும் நடந்தது. 1930இல் அதே ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்குப் புறப்பட்டனர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, ஆயுதமும் குருதியும் இல்லாத போரைப் பற்றி இயற்றித் தந்த பாடலே அவர்களின் வழிநடைப் பாட்டு. சமணர் செவிக்கு அதைவிட இனிய போர்ப்பாட்டு உண்டோ? தொண்டர்க்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். யார் கட்டினார் என்று எவர்க்கும் தெரியாது. பாட்டு வரும் வழியில் சோறும் காத்திருந்தது.

ஒருவர் மறுத்தாலும்

காந்தியடிகளின் பிரார்த்தனைக்கு மிகக் கடுமையான சோதனை இறுதி ஆண்டுகளில் வந்தது. 1946 இறுதியில் கலவரத்தால் சிதைந்த நவகாளிக்குச் சென்றார். 1947 ஜனவரியில் செருப்பின்றி ஊர் ஊராக நடந்தார். தனித்து நடக்கச் சொல்லும் தாகூரின் பாடல் அந்நடையில் ஒலித்தது. மாலைதோறும் பிரார்த்தனை நடந்தது. இராம நாமம் தொடங்கியதும் இசுலாமியர் சிலர் எழுந்து சென்றதும் உண்டு. அவர் பாடலை மாற்றவும் இல்லை; சென்றவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

1947 ஏப்ரல் தொடக்கத்தில் தில்லியில், துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் அவர் தங்கியிருந்தபோது இதன் மறுபக்கத்தைக் கண்டார். பிரார்த்தனையில் திருக்குர்ஆன் பகுதி ஓதப்படுவதை இந்து இளைஞர் ஒருவர் எதிர்த்தார். கூட்டம் அவரை வெளியேற்ற முனைந்தது. காந்தியடிகள் தடுத்தார். ஒருவர் மறுத்தாலும் அன்று பிரார்த்தனை இல்லை என்று நிறுத்தினார். திருக்குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றைப் பாடவும் அவர் இசையவில்லை. பாடினால் முழுதும் பாடுவது, இன்றேல் மௌனம். எதிர்ப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, பின்னர் முழுமையாகப் பாடினார்.

அநேகாந்தம் என்பதை நாம் தத்துவமாகப் படிக்கிறோம். பிறர் கண்ட உண்மைக்கும் இடமுண்டு என்று ஒப்புவது அதன் சாரம். அந்த இளைஞரின் மறுப்புக்கும் இடம் தந்து, திருக்குர்ஆனுக்கும் இடம் தந்த அந்த மாலை, அநேகாந்தம் நடைமுறையில் எவ்வாறிருக்கும் என்பதைக் காட்டுகிறது. ஆயிரம் பேர் கூடிய இடத்திலும் ஒருவரைத் துன்புறுத்திப் பாடும் பாட்டு வழிபாடாகாது என்று அவர் கருதினார்.

1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, படேலுடன் நிகழ்ந்த உரையாடலால் சில நிமிடங்கள் பிந்திவிட்டது. காலந்தவறுதலைப் பொறாத அண்ணல் பிரார்த்தனைத் திடலுக்கு விரைந்து நடந்தார். மேடையை எட்டுமுன் குண்டுகள் பாய்ந்தன. பாடுவதற்குச் சென்றுகொண்டிருந்தவராகவே அவர் வீழ்ந்தார்.

நம் பாயில் யார் அமர்கிறார்கள்?

மகாவீர் ஜெயந்தி பெரும்பாலும் ஏப்ரலில், அத்தேசிய வாரத்தை ஒட்டியே வருகிறது. அன்று நாம் தோத்திரம் பாடுகிறோம், தேர் இழுக்கிறோம், அன்னதானம் செய்கிறோம். இவை குறைவின்றி நடக்கட்டும். அவற்றோடு ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பந்தல் போடுபவர், பாத்திரம் துலக்குபவர், விழா முடிந்த மறுநாள் வீதியைக் கூட்டுபவர் ஆகியோர் நம் பாட்டு ஒலிக்கும்போது எங்கே நிற்கிறார்கள்? அவர்களுடைய கூலி பேசியபடி, பேசிய நாளில் கொடுக்கப்பட்டதா? அவர்களை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம்?

நானும் இதில் குற்றமற்றவன் அல்லேன். பல்லாண்டுகள் விழாக்குழுவில் இருந்தும், அவர்களை வந்து அமருங்கள் என்று ஒருமுறையேனும் அழைத்ததில்லை. சென்ற ஆண்டுதான் தோத்திரம் முடிந்தபின் கண்மூடியிருந்த வேளையில் அது உறைத்தது. இவ்வாண்டு பாயை இன்னும் சற்று நீளமாக விரிக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அன்பர்களும் உடன்வருவீர்களாக.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!