ரயில் போன தடத்தில் மூட்டையோடு சைக்கிள் பயணம்... அமெரிக்காவின் 'கேட்டி ட்ரெயில்' எப்படி உருவானது?

சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளை மாட்டி, துணிமணி, டென்ட், சமையல் சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, நாள்கணக்கில் ஊர் ஊராகப் போவதுதான் 'பைக் டூரிங்'. இதற்குப் பெயர்போன பாதைகளில் ஒன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கேட்டி ட்ரெயில். இங்கே தண்டவாளம் எப்பவோ போயிடுச்சு. ஆனால் சட்டப்படி இது இன்னைக்கும் ரயிலுக்காக வைத்திருக்கும் தடம்தான். எப்படி? வாங்க பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது?

மிசௌரியின் கிளின்டன் ஊரிலிருந்து மேச்சன்ஸ் வரை சுமார் 386 கிலோமீட்டர். இதில் பூன்வில் ஊருக்குக் கிழக்கே, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரம் மிசௌரி ஆற்றை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் ஆறும் வயல்களும், மறுபக்கம் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். 1804-இல் லூயிஸ், கிளார்க் குழு படகில் மேற்கு நோக்கிப் போனதும் இதே ஆற்றில்தான்.

ரயில் ஏன் நின்றது?

மிசௌரி-கான்சாஸ்-டெக்சாஸ் ரயில் நிறுவனத்தின் சுருக்கப்பெயர் எம்.கே.டி. அதில் வரும் 'கே.டி.'தான் மக்கள் வாயில் 'கேட்டி' ஆனது. 1986 அக்டோபரில் வந்த வெள்ளம் தண்டவாளத்தைச் சேதப்படுத்த, நிறுவனம் இந்தத் தடத்தில் ரயிலை நிறுத்திவிட்டது.

நிலம் யாருக்கு?

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. பல இடங்களில் ரயில் நிறுவனத்துக்கு இருந்தது வழி உரிமை மட்டும்தான். ரயிலைக் கைவிட்டால் நிலம் பக்கத்து உரிமையாளருக்கே திரும்பிவிடும். அதனால் 'எங்க நிலம் எங்களுக்கு வரணும்' என்று விவசாயிகள் உள்ளிட்ட நில உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அரசுக்குக் கைகொடுத்தது 1983-இல் வந்த ஒரு சட்டத்திருத்தம். இதற்கு 'ரயில் பேங்கிங்' என்று பெயர். 'நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடி ரயில் விடலாம்' என்ற நிபந்தனையோடு தடத்தைப் பாதையாக மாற்றினால், அது கைவிட்டதாகக் கணக்கில் வராது. வேறொரு மாநில வழக்கில் 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அதே சமயம், நிலத்தை இழந்தவர்கள் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னது. கேட்டி ட்ரெயில் நில உரிமையாளர்களுக்கு இழப்பீடு உண்டு என்ற தீர்ப்பு 2000-இல்தான் வந்தது. ஊருக்கெல்லாம் கிடைத்த இந்தப் பாதைக்குப் பின்னால் அவர்களின் நீண்ட காத்திருப்பும் இருக்கிறது.

பாதை அமைக்க டெட் ஜோன்ஸ் - பேட் ஜோன்ஸ் தம்பதி 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். முதல் பகுதி 1990-இல் ரோச்போர்ட் ஊரில் திறக்கப்பட்டது. 1993-இல் மறுபடி பெருவெள்ளம். பாதையின் பெரும்பகுதி சேதமாகி, திரும்பச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

சுமை ஏற்றிய சைக்கிளுக்கு ஏன் சரிப்பட்டு வருகிறது?

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் ரயில் தடங்களில் ஏற்றம் பொதுவாக 2 சதவீதத்துக்குள், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும். கூடுதலாக 20 கிலோ ஏத்தினாலும் சமதளத்தில் பெருசா தெரியாது. மேட்டில்தான் தெரியும். 6 சதவீத ஏற்றத்தில் அந்த 20 கிலோ நம்மைக் கீழே இழுக்கும் விசை, 1 சதவீத ஏற்றத்தில் இருப்பதைப்போல் சுமார் 6 மடங்கு!

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

• கனமான பொருட்களை பையின் அடியில் வையுங்கள். எல்லாத்தையும் பின்னாடியே ஏத்தினால் ஹேண்டில் ஆடும். முன்னாடியும் கொஞ்சம் பிரிச்சு மாட்டணும்.

• பாதை முழுக்கப் பொடித்த சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் மேல்பரப்பு இளகி, சக்கரம் அழுந்தும். அகலமான டயர் நல்லது.

• ட்ரெயிலிலேயே டென்ட் போட அனுமதி இல்லை. வழியில் உள்ள ஊர்களில் அதற்கென்று இருக்கும் இடங்களில்தான் தங்கணும். அதனால் ஒவ்வொரு நாளும் எந்த ஊர் வரை என்று முன்கூட்டியே முடிவு செய்வது அவசியம்.

• திரும்பி வர ரயில் உண்டு. செயின்ட் லூயிஸ் - கான்சாஸ் சிட்டி இடையே ஓடும் ஆம்ட்ராக் ரயிலில் முன்பதிவு செய்து சைக்கிளையும் ஏற்றலாம்.

• ஆற்றில் வெள்ளம் என்றால் சில பகுதிகள் மூடப்படும். 2019-லும் அப்படி நடந்தது. கிளம்பும் நாளில் மாநிலப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

பாதையைச் சமமாக வைத்திருப்பது பழைய ரயில் தடம். அந்த ரயிலை நிறுத்திய ஆறு இன்னும் பக்கத்திலேயேதான் ஓடுகிறது. ரெண்டையும் மனசுல வச்சு திட்டம் போட்டால் பயணம் சுலபம்.